தவணை தாண்டிய தங்கல்

 

திருமறையின் 24-வது அத்தியாயமாகிய ஸூரத்துந் நூரில், பிறர் வீட்டு வாசலில் நிற்பவனுக்குரிய ஒழுக்கத்தை வல்ல நாயன் கற்றுத் தருகிறான். அனுமதி கேட்காமலும், வீட்டாருக்கு ஸலாம் உரைக்காமலும் உள்ளே நுழையலாகாது என்பது 27-வது வசனத்தின் கருத்து. அடுத்த வசனம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. திரும்பிப் போய்விடுங்கள் என்று வீட்டுக்காரர் சொல்வாரானால் திரும்பிவிட வேண்டும். உங்களுக்கு அதுவே தூய்மையானது என்ற கருத்தை அது சொல்கிறது. இதை வீட்டுக் கதவோடு நிறுத்திக் கொள்வோர் உண்டு. நாட்டுக்கும் கதவு உண்டல்லவா? அந்தக் கதவிலும் அனுமதி கேட்கிறோம், அவர்களும் தருகிறார்கள், தந்த அனுமதிக்கு ஒரு தவணையும் குறிக்கிறார்கள். தவணை முடிந்தபின் அங்கே இருப்பவனின் நிலை என்ன? அவன் எப்படித் திரும்புவது? இந்தச் சங்கதியைத்தான் இம்மாதம் பேசப் போகிறோம்.

நம் எட்டயபுரம் கடலோர ஊரல்ல, கரிசல் பூமி. ஆனால் மதுரையிலிருந்து தூத்துக்குடி செல்லும் பெருவழியில் இருப்பதால், கப்பலேறிப் பிழைக்கப் போன பழக்கம் இவ்வட்டாரத்துக்குப் புதியதன்று. நம் பாட்டனார் காலத்தில் கப்பல் பயணம் என்றால் கொழும்புதான். தூத்துக்குடியிலும் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இருந்து போனவர்கள் கொழும்புப் புறக்கோட்டையில் கடை வைத்தார்கள். கடைக்கு ஆள் வேண்டுமென்றால் ஊரிலிருந்து பையன்களை அழைத்துக் கொண்டார்கள். பெருநாளைக்கு ஊர் வந்து திரும்புவது, அடுத்த தெருவுக்குப் போய் வருவது போலத்தான் இருந்தது. பிறகு இலங்கை சுதந்திரம் பெற்றது. 1948-இல் அந்நாடு இயற்றிய குடிவரவுச் சட்டம் 1949 நவம்பரில் நடைமுறைக்கு வந்ததும், பாஸ்போர்ட்டும் விசாவும் குறுக்கே நின்றன. வாழ்நாளெல்லாம் அங்கே வியாபாரம் செய்தவருங்கூடத் தற்காலிக வசிப்பு அனுமதி பெற்று, குறித்த காலத்துக்கொரு முறை அதைப் புதுப்பிக்க வேண்டியவரானார். புதுப்பிக்கத் தவறியவர் குற்றவாளி. முறைப்படி கப்பலேறிப் போனவரையுங்கூடக் 'கள்ளத்தோணி' என்று வாய்கூசாமல் ஏசினார்கள். 1964 அக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் வந்து, பெரும்பாலும் தோட்டத் தொழிலாளராயிருந்த இலட்சக்கணக்கானவர்களின் தலைவிதியையும் காகிதத்திலேயே பங்கிட்டது.

அவர்களை நாம் குறைசொல்ல மாட்டோம். அவர்கள் போன காலத்தில் அங்கே கதவே இல்லை. உள்ளே இருக்கும்போது கதவு வைத்துப் பூட்டினார்கள். ஆனால் இன்று துபாய்க்கும் குவைத்துக்கும் ஸவூதிக்கும் மலேசியாவுக்கும் போகிறவரின் சங்கதி வேறு. கதவு இருப்பதும் தவணை இருப்பதும் அவருக்குத் தெரியும். அந்த நிபந்தனையை ஒப்புக்கொண்டே விமானம் ஏறுகிறார்.

ஒப்புக்கொண்டதன் பெயர்தான் அஹ்து, வாக்குறுதி. ஈமான் கொண்டோரை அழைத்து, செய்து கொண்ட உடன்படிக்கைகளை நிறைவேற்றும்படி ஸூரத்துல் மாயிதாவின் தொடக்கமே ஏவுகிறது. வாக்குறுதியைப் பற்றி விசாரணை உண்டு என்று பனீ இஸ்ராயீல் அத்தியாயம் எச்சரிக்கிறது. முஸ்லிம்கள் தாம் ஏற்ற நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட்டவர்கள் என்பது பெருமானார் (ஸல்) அவர்களின் வாக்கு. அந்நிபந்தனையை எதிரில் நின்று வாங்கிக் கொண்டவர் முஸ்லிமா, முஸ்லிமல்லாதவரா என்று இங்கே கணக்கில்லை.

இதைச் சொன்னதும் சிலர் பதிலுக்கு ஒரு கேள்வி வைத்திருக்கிறார்கள். "பூமி அல்லாஹ்வுக்குச் சொந்தம், அவனுடைய பூமி விசாலமானது என்று குர்ஆனே சொல்கிறது. இடையில் கோடு கிழித்தவன் மனிதன். அந்தக் கோட்டை மதிக்காவிட்டால் பாவமா?" என்கிறார்கள். கேட்பதற்கு மார்க்கப் பேச்சாகவே இருக்கிறது. இதற்கு நாம் வாதாடத் தேவையில்லை. பெருமானாரின் வாழ்க்கையிலேயே விடை இருக்கிறது.

ஹிஜ்ரி 6-ஆம் ஆண்டு துல்கஃதா மாதம், ஏறத்தாழ ஆயிரத்து நானூறு தோழர்களுடன் நாயகம் (ஸல்) அவர்கள் உம்ராவுக்குப் புறப்பட்டார்கள். ஹுதைபியாவில் குறைஷிகள் மறித்தார்கள். உடன்படிக்கை எழுதப்பட்டது. இந்த ஆண்டு திரும்பிப் போக வேண்டும்; அடுத்த ஆண்டு வரலாம்; வந்தால் மூன்று நாள் மட்டுமே மக்காவில் தங்கலாம்; வாள் உறைக்குள்ளேயே இருக்க வேண்டும். எழுதி முடியும் முன்பே, விலங்கிட்ட கால்களோடு அபூஜந்தல் (ரலி) அவர்கள் வந்து விழுந்தார்கள். குறைஷிகளின் தரப்பில் பேசிய ஸுஹைலின் சொந்த மகனார் அவர். அவரைத் திருப்பித் தரச் சொன்னார் தந்தை. தோழர்களின் நெஞ்சம் கொதித்தது. ஆயினும் ஒப்புக்கொண்ட ஷரத்தின்படி, பொறுமையாய் இருக்குமாறு அவரைத் தேற்றித் திருப்பி அனுப்பினார்கள் நமது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள்.

அடுத்த ஆண்டு, ஹிஜ்ரி 7-இல், சொன்னபடி வந்தார்கள்; உம்ராவை நிறைவேற்றினார்கள். அந்தப் பயணத்தில்தான் அன்னை மைமூனா (ரலி) அவர்களுடன் திருமணமும் நடந்தது. மூன்றாம் நாள் குறைஷிகள் ஆளனுப்பி, தவணை முடிந்துவிட்டது, வெளியேறுங்கள் என்றார்கள். மணவிருந்து வைக்கிறோம், நீங்களும் உண்ணலாமே என்று நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டுப் பார்த்தார்கள். உங்கள் விருந்து எங்களுக்குத் தேவையில்லை, புறப்படுங்கள் என்பதே பதிலாக வந்தது. நாயகம் (ஸல்) அவர்கள் புறப்பட்டு விட்டார்கள். மணவாழ்வு மக்காவுக்கு வெளியே ஸரிஃப் என்னுமிடத்தில் தொடங்கியது.

சற்று எண்ணிப் பாருங்கள். அது அவர்கள் பிறந்த ஊர். தொழுகையில் முகம் திருப்பும் கஃபா அங்கேதான் இருக்கிறது. துரத்தியவர்கள் அநியாயக்காரர்கள். உடன் வந்திருந்த தோழர்களோ நூற்றுக்கணக்கில். இன்னும் ஒரு நாள் இருந்திருந்தால் யார் என்ன செய்திருக்க முடியும்? அல்லாஹ்வின் பூமியில் தங்க அவர்களைவிட உரிமையுள்ளவர் யார்? அத்தனை உரிமையும் இருந்தும், மூன்று நாள் என்று ஒப்புக்கொண்டதால் நான்காம் நாள் அங்கே இருக்கவில்லை. கோடு கிழித்தவன் மனிதன் என்று வாதிக்கும் சகோதரர் இந்த இடத்தில் நின்று யோசிக்கட்டும்.

இவ்வூரில் கடிகைமுத்துப் புலவரிடம் கற்று, எட்டயபுரம் சமஸ்தானத்துப் புலவராய் வாழ்ந்து, இம்மண்ணிலேயே அடங்கியிருக்கும் உமறுப் புலவர் அவர்களின் சீறாப்புராணத்தில் ஹிஜ்ரத்துக் காண்டம் இருப்பதை வாசகர்கள் அறிவார்கள். நாயகத்தின் வரலாறு முழுவதையும் பாடி முடிக்க அப்பெரியாருக்கு வாய்க்கவில்லை. எஞ்சியதைப் பனீ அகுமது மரைக்காயர் சின்னச் சீறாவாகப் பாடினார். மக்காவை விட்டு நாயகம் வெளியேறிய ஹிஜ்ரத்தை நம் மக்கள் உருகி உருகிக் கேட்பார்கள். தவணை முடிந்ததும் வெளியேறிய இந்த இரண்டாவது புறப்பாட்டை அவ்வளவாகப் பேசுவதில்லை. பேச வேண்டும்.

அந்தப் புறப்பாட்டில் இன்னொன்றும் உண்டு. உஹதில் ஷஹீதான ஹம்ஸா (ரலி) அவர்களின் சின்னஞ்சிறு மகள், சிறிய தந்தையே என்று கூவிக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தாள். அவளை மக்காவில் விட்டுவிட்டு வரவில்லை. அலீ (ரலி) அவர்கள் கைப்பிடித்து அழைத்து வந்தார்கள். பிறகு, சிற்றன்னை தாயின் இடத்தில் இருப்பவர் என்று கூறி, ஜஃபர் (ரலி) அவர்களின் வீட்டில் அவளை ஒப்படைத்தார்கள் நாயகம். வளைகுடாவில் விசா இல்லாத நிலையில் குடும்பமாக ஒளிந்து வாழ்வோருக்குப் பிறக்கும் பிள்ளைகளை எண்ணும்போது இந்தச் சிறுமி நம் நினைவுக்கு வருகிறாள். பிறப்புச் சான்று இல்லை, பாஸ்போர்ட் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. தந்தை தவணை தாண்டினார். பிள்ளையோ எந்த நாட்டுக்கும் உரியதாகாமல் நிற்கிறது. புறப்பட நினைக்கும் தந்தை தம் பயணச்சீட்டை எண்ணுமுன் பிள்ளையின் காகிதத்தை எண்ண வேண்டும். தூதரகத்தில் முதலில் அதைப் பதிவு செய்ய வேண்டும்.

இனி, யாருடைய குற்றம் என்ற பேச்சுக்கு வருவோம். தவணை தாண்டியவர்கள் எல்லாரும் வேண்டுமென்று தாண்டியவர்களல்லர். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு, இகாமாவைப் புதுப்பிக்காமல் விட்டுவிடும் முதலாளி இருக்கிறார். மாதக்கணக்கில் சம்பளம் தராமல், கேட்டவன் மீது ஓடிப்போனவன் என்று 'ஹுரூப்' எழுதிக் கொடுக்கும் கஃபீல் இருக்கிறார். சுற்றுலா விசாவில் ஏற்றிவிட்டு, போனதும் வேலை விசாவாக மாறிவிடும் என்று சொல்லிப் பணம் பறிக்கும் ஏஜெண்டு நம் ஊர்ப் பக்கத்திலேயே இருக்கிறார். ஜும்ஆவுக்கு முதல் ஸஃப்பில் அவரைப் பார்க்கலாம். புகாரி ஷரீஃபில் வரும் ஒரு ஹதீது குத்ஸியில், மறுமையில் மூவருக்கு எதிராக நானே வழக்காடுவேன் என்று அல்லாஹ் கூறுவதாக வருகிறது. அவன் பெயரால் வாக்களித்து மோசம் செய்தவன். சுதந்திரமான மனிதனை விற்று அந்தக் கிரயத்தைத் தின்றவன். கூலியாளிடம் வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலி கொடாதவன். இந்த மூவரையும் ஒரே வரிசையில் நிறுத்தியிருக்கும் நீதியைப் பாருங்கள். வாக்கு மீறிய தொழிலாளிக்கு மட்டும் உபதேசம் செய்துவிட்டு, கூலியைத் தின்ற முதலாளியையும் ஆளை விற்ற தரகனையும் விட்டுவிடுகிற உபதேசம் அரை உபதேசம்தான்.

ஆனாலும் ஒன்று. அநியாயம் செய்யப்பட்டவருக்கும் அங்கே ஒளிந்திருப்பது தீர்வாகாது. ஒளிந்திருப்பவன் கூலி கேட்டு வழக்காட முடியாது. நோய் வந்தால் மருத்துவமனைக்குப் போக அஞ்சுவான். ஊரில் தந்தை மௌத்தானால் ஜனாஸாவுக்கு வர முடியாது. அவன் வாங்கும் பாதிச் சம்பளம், அவன் யாரிடமும் முறையிட முடியாது என்பதை அறிந்தவன் நிர்ணயித்த சம்பளம்.

அந்தச் சம்பளம் ஹலாலா, ஹராமா? பலரும் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி இது. செய்த வேலை ஆகுமான வேலையாக இருந்து, வியர்வை சிந்தி உழைத்திருந்தால் அந்தக் கூலி உழைத்தவனுக்குரியது. நிபந்தனையை மீறித் தங்கிய குற்றம் தனியே நிற்கும் என்பதே நாம் அறிந்த விளக்கம். ஜும்ஆ பாங்கு சொன்ன பிறகு வியாபாரம் செய்தவனின் கொடுக்கல் வாங்கல் செல்லும், ஆனால் அவன் பாவியாவான் என்று நம் இமாம்கள் சொல்லியிருப்பதைப் போல. உம்ரா விசாவில் போய், ஒளிந்திருந்து ஹஜ்ஜும் செய்துவிட்டு வந்தவர்களின் சங்கதியும் இதுதான். பறித்த நிலத்தில் தொழுதால் தொழுகை கூடும், நிலத்தைப் பறித்த பாவம் நீங்காது என்கிறது ஷாஃபிஈ மத்ஹபு. ஹஜ்ஜின் பர்ளு நிறைவேறியது என்று மகிழ்கிறவர், உம்ரா விசா ஹஜ்ஜுக்குச் செல்லாது என்பதை அறிந்தே தங்கியதற்காக இஸ்திக்ஃபார் செய்து கொள்ளட்டும்.

சரி, எப்படித் திரும்புவது? வளைகுடா அரசுகள் அவ்வப்போது பொது மன்னிப்புத் தவணை அறிவித்திருக்கின்றன. ஸவூதி 2017 மார்ச் இறுதியில் 90 நாள் அவகாசம் தந்து, பிறகு நீட்டித்தது. ஐக்கிய அரபு அமீரகம் 2018-இலும், மறுபடியும் 2024 செப்டம்பர் முதல் டிசம்பர் இறுதி வரையிலும் தந்தது. பின்னதில் வெளியேறியோருக்கு அபராதமும் இல்லை, மீண்டும் வரத் தடையும் இல்லை. குவைத் 2024 ரமலானில் தொடங்கி ஜூன் இறுதி வரை தந்தது. மலேசியா 2019 ஆகஸ்டு முதல் டிசம்பர் வரை, 700 ரிங்கிட் தண்டம் கட்டிவிட்டு ஊர் திரும்ப வழி செய்தது. அமீரகத்தில் 2022 முதல் தவணை தாண்டிய நாளொன்றுக்கு 50 திர்ஹம் தண்டம் என்பதை வைத்துக் கணக்குப் போட்டால், மூன்றாண்டு ஒளிந்திருந்தவர் தலையில் 54,750 திர்ஹம் ஏறியிருக்கும். அதை ஒரே நாளில் துடைத்து விடுவது எவ்வளவு பெரிய சலுகை! ஆயினும் ஒவ்வொரு தவணையின்போதும், இன்னும் கொஞ்சம் சம்பாதித்து அடுத்த மன்னிப்பில் போவோம் என்று இருந்துவிடுகிறவர்கள் உண்டு. அடுத்த மன்னிப்பு எந்த ஆண்டு வருமென்று யாரும் எழுதித் தரவில்லை. தவ்பாவைத் தள்ளிப் போடுகிறவனின் பேச்சும் இதே ராகம்தான்.

மன்னிப்புத் தவணை இல்லாத காலத்திலும் வழி அடைத்துவிடவில்லை. பாஸ்போர்ட் இல்லாதவருக்கு, தாயகம் திரும்ப மட்டும் செல்லுபடியாகும் அவசரச் சான்றிதழை இந்தியத் தூதரகம் வழங்குகிறது. நம்மவர்கள் 'அவுட்பாஸ்' என்பது இதைத்தான். 2009-இல் ஏற்படுத்திய இந்தியச் சமுதாய நல நிதியிலிருந்து, வழியற்றவருக்கு விமானச் சீட்டும், தம் தவறில்லாமல் தவணை தாண்டிய தொழிலாளிக்குத் தண்டத் தொகையும் உதவ இடமுண்டு. சென்னையில் அயலகத் தமிழர் நலனுக்கான ஆணையரகம் இருக்கிறது. குடும்பத்தார் அங்கே மனுச் செய்யலாம். தாமே போய் நின்றவருக்கும், பிடிபட்டு நின்றவருக்கும் அதிகாரிகள் காட்டும் முகம் வேறு. வேறொருவர் பெயரில் பாஸ்போர்ட், போலி முத்திரை, பாலைவனத்தில் எல்லை தாண்டல் என்று பேசும் தரகர்களிடம் போகாதீர்கள். ஒரு மீறலைக் கழுவப் போய்ப் பொய்ச்சாட்சியில் விழுவதாகும் அது. புறப்படுமுன் அங்கே யாருக்கேனும் கொடுக்க வேண்டிய கடன், பிறர் தந்த அமானிதம், கடையில் எழுதிய பற்று எல்லாவற்றையும் தீர்த்துவிட வேண்டும். தீர்க்க முடியாததை எழுதிக் கொடுத்து, தவணை கேட்டு வர வேண்டும். விசாத் தண்டத்தை அரசு மன்னிக்கலாம்; மனிதருடைய ஹக்கை அந்த மனிதர்தான் மன்னிக்க முடியும்.

இவ்வளவும் தெரிந்தும் ஏன் வருவதில்லை? காரணம் அங்கே இல்லை, இங்கே இருக்கிறது. போகும்போது வட்டிக்கு வாங்கிய பணம், அடகு வைத்த நகை, குமரை வைத்துக்கொண்டு காத்திருக்கும் வீடு. வெறுங்கையோடு வந்தால் தெரு என்ன சொல்லும் என்ற அச்சம். போலீஸுக்கு அஞ்சுவதைவிடத் தன் தெருவுக்கு அதிகம் அஞ்சுகிறான் அவன். ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள், கணவன் போர்முனைக்குப் போயிருக்க ஒரு பெண் தனிமையில் பாடிய ஏக்கப் பாட்டை இரவில் கேட்டு, தம் மகளாரிடம் ஆலோசித்து, படைவீரர்கள் வீட்டைப் பிரிந்திருக்கும் காலத்துக்கு மாதக்கணக்கில் எல்லை குறித்தார்கள். மாதங்கள், ஆண்டுகளல்ல! ஜிஹாதுக்குப் போனவருக்கே அந்த வரம்பு என்றால், ஆறாண்டு எட்டாண்டு என்று இல்லாளுக்கும் பிள்ளைகளுக்கும் முகம் காட்டாமல் இருப்பதை, குடும்பத்துக்காகத்தானே என்ற ஒரு சொல் எப்படி மூடிவிடும்? பணம் வருகிறதல்லவா, இருக்கட்டும் என்று கடிதத்திலும் தொலைபேசியிலும் தடுத்து வைக்கும் பெற்றோரும் இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்களே.

எனவே ஜமாஅத்தாருக்கு ஒரு விண்ணப்பம். ஸூரத்துத் தவ்பாவின் 60-வது வசனம் ஜகாத்துக்குரிய எட்டு வகையினரைச் சொல்கிறது. அதில் கடன்பட்டோர் இருக்கிறார்கள். இப்னுஸ் ஸபீல் என்ற வழிப்போக்கரும் இருக்கிறார்கள். ஊரில் சொத்து இருந்தாலும், வழியில் கையில் ஒன்றுமில்லாமல் நிற்பவருக்கு அந்தப் பங்கில் உரிமையுண்டு. பாவமான பயணத்தில் இருப்பவருக்கு அது இல்லை என்கிறது ஷாஃபிஈ மத்ஹபு. ஆனால் தவ்பாச் செய்து திரும்பப் புறப்பட்டவருக்கு உண்டு. ஓர் ஊரின் ஜகாத்தை வேறு ஊருக்கு மாற்றுவதை அந்த மத்ஹபு பெரும்பாலும் அனுமதிப்பதில்லை. ஆகவே அங்கே வாழும் நம் சகோதரர்கள் தம் ஜகாத்திலிருந்து அங்கேயே அவருக்கு விமானச் சீட்டு எடுத்துத் தரலாம். ஹனஃபிகளுக்கு, தேவை மிகுந்தவரிடம் அனுப்புவதில் தடையில்லை. ஊர் வந்து சேர்ந்தபின் கடன்பட்டோர் பங்கிலிருந்து அவரை மீட்பது இங்குள்ளவர் கடமை. பெரிய பந்தல் போட்டு மீலாது விழா நடத்துகிற மஹல்லாக்கள், பட்டியலில் இந்த இரண்டு பங்கையும் எழுதிப் பார்த்ததுண்டா என்று கேட்கத் தோன்றுகிறது.

தொழுகையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஆண்டுக்கணக்கில் வசித்த நகரத்திலேயே வெளியேற்றத்துக்காகக் காத்திருப்பவர், தடுப்புக் கூடத்தில் இருந்தாலும் அந்நகரின் முகீம்தான்; கஸ்ரு இல்லை, முழுமையாகவே தொழ வேண்டும். கஸ்ருக்குரிய தூரத்திலுள்ள வேறு நகரத்துக்குக் கொண்டு போய், என்றைக்கு விமானம் என்று தெரியாமல் இன்றைக்கோ நாளைக்கோ என்று வைத்திருந்தால், ஷாஃபிஈ மத்ஹபில் 18 நாள் வரை சுருக்கித் தொழலாம். தண்ணீர் மறுக்கப்பட்டால் தயம்மும் செய்யலாம். நகர எல்லையைக் கடந்ததும் கஸ்ரு தொடங்கும். எட்டயபுரம் எல்லைக்குள் கால் வைத்ததும் முடியும்.

நெடுநாள் பிரிந்தவர் சொல்லாமல் கொள்ளாமல் இரவில் வீட்டுக் கதவைத் தட்டுவதை நாயகம் (ஸல்) அவர்கள் விரும்பவில்லை. ஆகவே முன்கூட்டியே செய்தி அனுப்பிவிட்டு வர வேண்டும். பயணத்திலிருந்து திரும்பினால் முதலில் பள்ளிவாசலுக்குச் சென்று இரண்டு ரக்அத் தொழுவது அவர்களின் வழக்கம். வருகிறவர் பெட்டியை வாசலில் வைத்துவிட்டு அந்த இரண்டு ரக்அத்தைத் தொழட்டும். பள்ளியில் இருப்பவர்கள் ஸலாம் சொல்லி முஸாஃபஹா செய்யட்டும். எத்தனை வருஷம், எவ்வளவு கொண்டு வந்தாய் என்ற கேள்விகளை வைத்துக் கொள்ளட்டும். கஷ்டத்திலிருக்கும் கடனாளிக்கு அவகாசம் தரச் சொல்கிறது ஸூரத்துல் பகராவின் 280-வது வசனம். கடன் கொடுத்தவர்களை முத்தவல்லி அழைத்து, அடுத்த ஜும்ஆவுக்குப் பிறகு ஒரு நாள் குறித்து, இமாம் ஸாஹிப் முன்னிலையில் அவரோடு உட்காரச் செய்யலாம்.